கணக்கில் சேராது

வெளியே அளந்தால் முப்பத்தெட்டு அடி.
உள்ளே, சுவர்ப் பருமனைக் கூட்டியும்
முப்பத்தைந்தரைதான் வருகிறது.
டேப்பின் மறுமுனையில் வேதமுத்து,
"வெள்ளைக்காரன் கட்டினது மேடம், தப்பாது."
மறுபடி அளந்தோம்.
இரண்டரை அடி எங்கோ ஒளிந்திருக்கிறது.

கடலூர் முதுநகர், உப்பனாற்றுப் பக்கம்.
பத்திரத்தில் இதற்குக் 'காட்டேஜ்' என்று பெயர்.
நீலத் துணிக்குத் தரம் பார்த்த
கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் கட்டினாராம்.
பேதியில் மனைவி போனதும்
வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பலேறினார்.
பிறகு கிட்டங்கி.
பிறகு, எழுபது சொச்சம் வருஷம், கன்னியர் மடம்.
பிறகு உப்பு இலாகா. பிறகு வௌவால்.
தானே புயல் பாதி ஓட்டைக் கொண்டுபோனபின்
பாரம்பரியக் கட்டடம் என்று
எங்கள் துறை ஒரு கோப்பு எண் கொடுத்திருக்கிறது.

மடம் செய்த மாற்றங்கள் சுலபமாகத் தெரிகின்றன.
ஜன்னல்களைத் தலைக்குமேல் ஏற்றியிருக்கிறார்கள்,
வானம் மட்டும் போதும் என்று.
துணிப்பொதி தொங்கிய கொக்கியில்
பூசை மணி தொங்கிய தழும்பு.

தெருச் சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போன வேதமுத்து
ஓரிடத்தில் நின்றான்.
அங்கே சுவர்
காலிப் பானைபோல் பேசியது.

மூன்று வரிசைச் செங்கல் எடுத்ததும்
நின்ற வாக்கில் ஒரு தேக்குப் பீப்பாய்,
நடுவில் பலகைத் தடுப்பு.
முகம் காட்டக் கூடாதவர்களின் வாசல்.
தெருவில் வைத்ததைச் சுற்றினால் உள்ளே போகும்,
உள்ளே வைத்தது வெளியே வரும்.
வைத்த கைகூடத் தெரியாது.

தெருப் பாதியில்
கரையான் ஓரம் தின்ற பால் நோட்டு.
தீரத் தீர அடுத்ததைச் சேர்த்துத் தைத்து
செங்கல் கனம்.
அட்டையில் தணிகாசலம் என்று
உள்ளிருந்த கைதான் எழுதியிருக்கிறது.
அவருக்கு எழுத்து வராது போல:
படிக்கு ஒரு கோடு, உழக்குக்கு ஒரு புள்ளி.
எதிரே நீல மையில் எண்கள்.

தொடக்கத்தில் இரண்டு படி.
"புயல். பால் இல்லை."
"தண்ணீர் அதிகம்." அதை அடித்துவிட்டு,
"மன்னிக்கவும். மழை பாத்திரத்தில் விழுந்திருக்கிறது."
ஒரு தை மாதம்:
"சீம்பால் வந்தது. நாங்கள் கேட்கவில்லை.
கணக்கில் சேராது."

இறந்தவர் பெயர் எங்கும் இல்லை.
"இன்று முதல் ஓர் உழக்குக் குறைவு."
அவ்வளவுதான்.
அப்படி ஐந்து இடம்.
அந்தந்த நாள்களில்
தணிகாசலத்தின் புள்ளி கொஞ்சம் அழுந்தியிருக்கிறது,
அல்லது நான் அழுந்தப் பார்க்கிறேன்.

கடைசியாக நீல மை:
"மொத்தம் பன்னிரண்டு ரூபாய் ஆறணா. நன்றி."
அதற்கும் கீழே
மூன்று நாள், மும்மூன்று புள்ளி.
எதிரே எண் இல்லை.

மேற்றிராசன மாளிகைக் கோப்பில் ஒரே வரி பார்த்திருக்கிறேன்:
'மூவர் புதுச்சேரிக்கு மாற்றம். இரவு வண்டி.'
பேசாமல் இருப்பது அவர்களுக்கு விதி.
பால்காரரிடம் சொல்ல
யாருக்கும் தோன்றவில்லை.
அந்த மூன்று நாள் பாலை
எந்தப் பூனை குடித்ததோ.

இரண்டு தோள் கொடுத்துத் தள்ளினோம்.
துருப்பிடித்த அச்சு முனகி
அரைவட்டம் திரும்பியது.
உள்பாதி தெருவுக்கு வந்தது,
வெள்ளைத் துணியில் முடிச்சோடு.
பன்னிரண்டு ரூபாய் ஆறணா.
வைத்தவர் சுற்ற மறந்தாரோ,
சுற்றுவதற்குள் வண்டி வந்துவிட்டதோ.
கடனும் கடன்காரரும்
ஒரு பலகைக்கு இருபுறம் இருந்திருக்கிறார்கள்.
பிறகு உப்பு இலாகா செங்கல் வைத்தது.

"பயனற்ற இடம்னு குறிச்சிடுங்க," என்கிறார்
போனில் செயற்பொறியாளர்.
வரைபடத்தில் கதவுக்குக் கால்வட்டம் உண்டு.
இதற்குக் குறி இல்லை.
முழு வட்டமாக ஒன்று போட்டேன்.
முப்பத்தெட்டு அடி இப்போது சரியாக வருகிறது.

காசை மூன்றாம் முறை எண்ணிய வேதமுத்து
நோட்டின் கடைசிப் புள்ளிகளில் விரல் வைத்து
நிமிர்ந்து பார்க்கிறான்.
"இந்த மூணு நாள் பால்
இதுல சேரலியே மேடம்?"