நீதி வென்றது, இருபதுக்கு எட்டு

டத்தோ பரஞ்சோதி சனிக்கிழமை வருகிறார்.
இருபது அடிக்கு எட்டு அடியில் நாலு பேனர்,
ஒன்று சந்தை முனையில், ஒன்று கோயில் வளைவில்,
மற்ற இரண்டு எங்கே காற்று குறைவோ அங்கே.
முன்பணம் இருநூறு வெள்ளியை மேசையில் வைத்து
கிளைச் செயலாளர் குணாளன் சொன்னான்:
"சிவப்பு எழுத்துக்கா. 'நீதி வென்றது.'"

"மன்னிப்புதானே கிடைச்சது?" என்றேன்.

"அந்தச் சொல் வேணாம்.
மன்னிப்புன்னா தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும்."

ஆமாம்.
பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி
அந்தச் சொல்லுக்குள் ஒரு தப்பு உட்கார்ந்திருக்கிறது.
சுளை வேண்டும் அவர்களுக்கு.
கொட்டையை என் கடை வாசலில் துப்புகிறார்கள்.

கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம்
லயத்தை இடிப்பார்கள், வீடு கட்டித் தருவார்கள் என்று
இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம் மாதம் ஐம்பது கட்டியது.
பதினொரு வருஷம்.
ரசீதுகளைப் பாக்கியவதி இன்னும்
மைலோ டின்னில் வைத்திருக்கிறாள்.
வீட்டு நிலத்தில் லாலான் புல்
இடுப்பளவுக்கு நிற்கிறது.
நீதிபதி ஆறு வருஷம் என்றார்.
அன்றைக்குச் சாயந்திரம் ஒருவரும் கத்தவில்லை, வெடி போடவில்லை,
கடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக டீ விற்றது, அவ்வளவுதான்.

பிறகு தேர்தல்.
ஆட்சிக்கு மூன்று நாற்காலி குறைந்தது.
டத்தோ ஆட்களிடம் நாலு இருந்தது.
கணக்கில் நான் எப்போதும் மட்டம்,
ஆனாலும் இந்தக் கழித்தல் எனக்குப் புரிந்தது:
ஆறு வருஷத்தில் ஏழு மாதம் போக
மீதி பூஜ்யம்.

என் தம்பி தவசீலன் உள்ளே இருக்கிறான்.
தோட்டத்து எல்லையில் ஒன்பது குலை செம்பனை,
தராசில் போட்டால் நூற்றைம்பது வெள்ளி தேறாது.
இரண்டாவது தடவை என்பதால் மூன்று வருஷம்.
திருடினான்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.
மனுவிலும் அப்படித்தான் எழுதினேன், மலாயில், இரண்டு பக்கம்:
செய்தான், வருந்துகிறான், பிள்ளைக்கு நாலு வயது.
"பெறப்பட்டது" என்று ஒரு கடிதம் வந்தது.
அதில் இருந்த எண்ணை
பிள்ளையின் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

அதனால்தான்
மன்னிப்பே கூடாது என்று என்னால் கத்த முடியவில்லை.
அந்தக் கதவை உடைத்துவிட்டால்
நான் எதைத் தட்டுவேன்?
கருணைமேல் எனக்குக் கோபமில்லை.
அதற்கு ஆள் தெரிகிறதே,
வரிசையில் பின்னால் நிற்கிறவனைத் தாண்டி
கையசைத்துக் கூப்பிடுகிறதே, அதுதான்.
இன்னொன்று:
பணம் போனது பாக்கியவதிக்கு.
மன்னித்தது யாரோ.
அவளிடம் ஒருவரும் வந்து கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மன்னித்தும் இருப்பாள்,
அப்படிப்பட்ட பொம்பளைதான்.

அச்சடித்தேன்.
கடை வாடகை, மை, மிஷின் தவணை,
தம்பி மகனின் பால்மாவு.
'நீதி'யில் கொம்பு சரியா என்று இரண்டு முறை பார்த்தேன்.
எழுத்துப்பிழை இல்லை.

திங்கட்கிழமை பேனர்களை அவிழ்த்தார்கள்.
மழை பிடித்த சாயந்திரம் பாக்கியவதி வந்தாள்.
"ஒண்ணு குடேன், கூரை ஒழுகுது."

அந்த லயத்துக் கூரைமேல் நானே ஏறினேன்.
துத்தநாகத் தகடு வழுக்கியது.
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள்,
மேலே சுருட்டிய டத்தோவோடு நான்.

"முகம் உள்பக்கமா வெளிப்பக்கமா?"

கொஞ்சம் யோசித்தாள்.
"வெளியே போடு.
ராத்திரி கண்ணு முழிச்சா
அந்த ஆளு சிரிப்பைப் பாக்க வேணாம்.
மழை பாத்துக்கட்டும்."