மின்தடை நாளில் காய்ச்சியது

செல்லூரில் மாதத்துக்கு ஒரு நாள்
ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இருக்காது.
அன்றைக்குத்தான் எண்ணெய் காய்ச்சுவேன்.
வேலை இல்லாத நாள், அதனால் என்று நினைக்கிறார்கள்.
அது பாதிதான்.

பதினெட்டு வருஷம் தறி இரைச்சலில் நின்று
இடது காது முழுசும்
வலது காது முக்காலும் போய்விட்டது.
மிச்சமிருக்கும் கால்வாசியில்
கோயில் வேட்டு விழும், லாரி ஹாரன் விழும்.
எண்ணெய் விழாது.

எண்ணெய்க்குக் காதுதான் முக்கியம்.
சடசடவென்று பேசிக்கொண்டிருந்தால்
உள்ளே தண்ணீர் இருக்கிறது.
பேச்சு நின்றால் பதம்.
அதற்குப் பிறகும் அடுப்பில் விட்டால்
வெந்தயம் கருகி
போட்டதெல்லாம் வீண்.

மற்ற நாளில் தெருவே நடுங்கும்.
சுவர், சிலிண்டர், ஆணியில் காலண்டர்,
குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாய்.
இதில் சட்டியின் நடுக்கம் எது என்று எப்படிப் பிரிப்பது?
தறி நின்ற நாளில்
மர அகப்பையை அடியில் ஊன்றி
காம்பைப் பிடித்துக்கொண்டால் போதும்,
உள்ளங்கையில் கேட்கும்.

கருஞ்சீரகமும் வேம்பாளம்பட்டையும் கீழமாசி வீதியில்.
தேங்காயெண்ணெய் செக்கில், கண் முன்னால் ஆட்டியது.
கரிசலாங்கண்ணியை மட்டும் கடையில் வாங்குவதில்லை.
வாய்க்கால் கரையில் முளைப்பதை ஆடுகூட மோந்துவிட்டுப் போகிறது,
நான் ஷேர் ஆட்டோ பிடித்து
கருப்பாயூரணி வரப்பில் பறித்து வருவேன்.
சாறு பிழிந்தால் விரல் கருத்துவிடும்.
ரெண்டு நாளைக்கு
ஓட்டுப் போட்டவள் மாதிரி திரிவேன்,
பத்து விரலாலும்.

சின்ன வெங்காயம் சேர்ப்பேன்.
நாறுது என்பவள் வாங்க வேண்டாம்.

எங்கள் தலையைச் சாயங்காலம் பார்க்க வேண்டும்.
பஞ்சும் பாவுக்கஞ்சித் தூளும் படிந்து
முப்பது வயசுக்காரி அறுபதாய் வெளியே வருவாள்.
சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் ரத்தம்.
ஊற்றிக் கொடுக்கக் குவார்ட்டர் பாட்டில் உண்டு,
தவசி குடித்த கடனுக்கு
எனக்குக் கிடைத்த வட்டி.
வெந்நீரில் நாலு தரம் கழுவுவேன்.

இன்றைக்கு மூன்று மணிக்கே கரண்ட் வந்துவிட்டது.
காம்பில் கை வைத்திருந்தேன்.
எங்கிருந்தோ ஒரு தறி, பிறகு பத்து,
பிறகு என் பாதம், முழங்கால், பல்.
எண்ணெய் தொலைந்துபோனது கூட்டத்தில் பிள்ளை மாதிரி.

வேட்டி நுனியைக் கிழித்துத் திரித்தேன்,
எண்ணெயில் முக்கிக் கொளுத்தினேன்.
பொறி பொறியாய்த் தெறித்தது. இன்னும் ஈரம்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு திரி.
தெறிக்காமல் நிமிர்ந்து எரிந்தது.
இறக்கிவிட்டேன்.
தவசி வேட்டியைத் தேடுவார். தேடட்டும்.

அந்நேரம் சீனியம்மாள் வந்து
எதுவும் சொல்லாமல் என் முன்னால் உட்கார்ந்து
கொண்டையை அவிழ்த்தாள்.
புதுசு கொதிக்கிறது,
போன மாதப் பாட்டிலின் அடிவண்டலைக் கவிழ்த்து
வகிட்டில் வைத்துத் தேய்த்தேன்.

உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு.
முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் புரியாது.
அது அவளுக்குத் தெரியும்.
தெரிந்துதான் பேசினாள் போல.
கட்டைவிரலுக்கு அடியில்
மண்டை ஓடு மெல்ல நடுங்கியது.
தறியின் நடுக்கம் எனக்குத் தெரியும்,
இது அது இல்லை.
நீளமாய், இடையில் விட்டு, மறுபடி நீளமாய்.
நான் திரும்பச் சொல் என்று கேட்கவில்லை.
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.
நிற்கிற வரை
விரலை எடுக்கவில்லை.

முதலாளி வீட்டுப் பையன் வாசலில் வந்து
தறி ஓடுது வாங்க என்று கையாட்டினான்.
கருத்த ஐந்து விரலைக் காட்டினேன்.
ஐந்து நிமிஷமா, ஐந்து மணியா என்று
யோசித்துக்கொண்டே போகட்டும்.