பச்சை அங்கி வாரங்கள்

குடிலின் வைக்கோலை
சவரிநாதன் வீட்டு மாடு தின்று முடித்துவிட்டது.
நட்சத்திரம் மட்டும் எங்கள் மாடிக் கம்பியில்,
பல்பு எரியாமல்.
சாம்பல் புதனுக்கு இன்னும் ஐந்து வாரம்.
பங்குச்சாமியார் பச்சை அங்கியில் வருகிறார்,
பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறு என்கிறார்.
எண்ணைத் தவிர வேறு பெயரில்லாத ஞாயிறு.

எலத்தகிரியைச் சுற்றி மா பூத்திருக்கிறது.
பூ வாசனையும் மருந்து நெடியும்
கோவில் சன்னல் வழியே சேர்ந்தே வருகின்றன.
பிரசங்கத்தின் நடுவே யாரோ தும்முகிறார்கள்.

கூழ் ஆலையில் எனக்கு இது
பிரித்துப் போடும் மாதம்.
பாய்லர் குளிர்ந்து கிடக்கிறது.
சீசனில் இரவும் பகலும் ஓடும்போது
காது கேட்காது,
கண்ணும் அப்படித்தான்.
இப்போது ஒரு ஸ்பானர் நழுவி விழுந்தால்
கொட்டகையில் இரண்டு தரம் கேட்கிறது.

இரண்டாம் உருளையைக் கழற்றினேன்.
பல்லிடுக்கில் போன ஆனி மாதத்து நார்,
காய்ந்து, தலைமுடி போல.
பக்கத்தில் நான்கு போல்ட் துளைகள்,
காலியாக.

அங்கே ஒரு தடுப்பு வலை இருந்தது.
நார் அடைக்கும்,
அடைத்தால் நிறுத்தித் துடைக்கப் பத்து நிமிடம்.
வெளியே பெங்களூரா ஏற்றிய லாரிகள்
பர்கூர் சாலை வரை.
நான்தான் கழற்றினேன்.

ஒரு வாரம் கழித்து
பவுலினாவின் வலக்கையில் இரண்டு விரல்.

பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியவர் சூப்பர்வைசர்.
யாருடையது என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

அவள் பெண்கள் பக்கம் நான்காம் வரிசை.
நன்மை வாங்க இப்போதெல்லாம்
கை நீட்டுவதில்லை, வாய் திறக்கிறாள்.
கிறிஸ்துமஸ் இரவில் பாட்டும் வெடியும் இருந்தன,
பார்க்காமலிருக்க ஆயிரம் வசதி.
தவக்காலம் வந்தால்
பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும்.
கோபம், பொய், பூசைக்கு வராதது என்று
ஊர்ப் பாவங்களோடு என்னுடையதும்
நகர்ந்து போய்விடும்.
இந்த வாரங்களில் வரிசையே இல்லை.
சாமியார் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார்.
எப்போது வேண்டுமானாலும் போகலாம்,
அதுதான் கஷ்டம்.

போகவில்லை.
பழைய இரும்புக் குவியலில் மூன்று நாள்
அந்த வலையைத் தேடினேன்.
வளைந்து கிடந்தது.
தட்டி நிமிர்த்தி
நான்கு போல்ட்டையும் முறுக்கினேன்.
முறுக்கிய பிறகு இன்னும் ஒருமுறை.

சனிக்கிழமை சாயந்திரம்
வண்டி அவள் தெருவுக்குத் திரும்பியது.
வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்,
சுத்தியல் இடக்கையில்.
“என்னண்ணே, ஆலை திறந்துட்டாங்களா?”
“இல்ல. இன்னும் நாள் கெடக்கு.”

முறத்தை நகர்த்தி இடம் விட்டாள்.
உட்கார்ந்து ஒரு புளியை எடுத்தேன்.
முதல் ஏழெட்டுக் கொட்டை
பேச்சில்லாமல் போனது.