சொல்வதெழுதுதல்

ஆனி பிறந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில்
பாடம் நடத்துவது தகரக் கூரைதான்.
கணவாய் வழியே இறங்கிவரும் சாரல்
முதல் மணிக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அது ஓய்ந்தால் லாரி.
புளியரை வளைவில் முதல் கியரில் முக்கி முக்கி ஏறும்
கொல்லத்துக்குப் போகிற சிமெண்டு, வைக்கோல், கோழி.
"மழை" என்று நான் சொல்ல
எட்டாம் வகுப்பு "மலை" என்று எழுதும்.
இரண்டுமே சன்னலுக்கு வெளியே இருக்க
யாரைத் திட்ட?

பதினோரு வருஷம் கத்தியதில்
தொண்டையில் பயறளவு ஒரு முடிச்சு.
தென்காசி டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு
"ஒரு மாசம் பேசாதீங்க" என்றார்.
பேசாதவளுக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று
எழுதித்தான் கேட்டேன்.

செங்கல் சூளை சாகுல் ஹமீது பணம் தந்தார்.
இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கி,
காதோரம் வளைந்து வாய்க்கு முன்னால் நிற்கும் மைக்,
நுனியில் நாவற்பழம்போல் கறுப்புப் பஞ்சு.
"உக்காருங்க" என்றேன்.
சத்துணவுக் கூடத்திலிருந்து ஆவுடை அக்கா
கரண்டியோடு ஓடிவந்தாள், எம்எல்ஏ வந்துட்டாராக்கும் என்று.
அணைக்க மறந்து வராந்தாவில் நின்று
நகைக்கடன் வட்டியை வீட்டுக்காரரிடம் போனில் சொன்னதை
மூன்று வகுப்புகள் கேட்டன.

மழையை அது ஜெயித்தது. லாரியையும், ஏறக்குறைய.
கத்த வேண்டாம் என்றானதும் புதுசாய் ஒரு சுகம்:
முதுகைக் காட்டிக்கொண்டு பேசலாம்.
கரும்பலகையில் எழுதியபடியே,
சன்னலைச் சாத்தியபடியே,
வருகைப் பதிவேட்டில் குனிந்தபடியே.

மாதக் கடைசியில் சொல்வதெழுதுதல். இருபது சொல்.
எட்டைத் தாண்டாத மாரித்துரை பதினேழு.
அச்சன்கோவிலிலிருந்து வருகிற விபின் பதினெட்டு.
முப்புடாதி மூன்று.

முப்புடாதி.
போன வருஷம்வரை இருபதுக்கு இருபது.
முதல் பெஞ்சுக்கு அடம்பிடிப்பவள்,
பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவள்.
திமிர் என்று நினைத்திருந்தேன்.
ஒருதடவை அவள் அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

தாளைப் பார்த்தேன்.
"வழி" இருக்கவேண்டிய இடம் காலி.
"பள்ளம்" இருக்கவேண்டிய இடம் காலி.
பிழைகூட இல்லை.
பிழை விடவும் ஏதாவது கேட்டிருக்கவேண்டும்.
சரியாக இருந்த மூன்றும்
தண்ணீர் குடிக்க மைக்கைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு
பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னவை.

மதியம் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன்.
பஞ்சை வாயிலிருந்து இறக்கினேன்.
ஒலிபெருக்கியை அணைத்தேன்.
என் குரலையும் அணைத்தேன்.
வெறும் வாயசைவில்
"கிழவி" என்றேன். "கிளி". "கலை".
எழுதினாள்.
ழகரமும் ளகரமும் லகரமும்
அதனதன் இடத்தில்.
என் நாக்கு மடிவதை, பல்லில் முட்டுவதை,
எனக்கே தெரியாத என் வாயை
மூன்று வருஷமாகப் படித்திருக்கிறாள்.

"ஏட்டி, ஏன் சொல்லல?"
உதட்டைப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னாள்:
"எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன் டீச்சர்."

அம்மா அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில்.
ஞாயிறுதான் இறங்குவாளாம்.
பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.
அவளிடம் முதலில் சொல்லவேண்டியது
திமிர் என்ற சொல்லைப் பற்றி.

மைக்கை இப்போது தோள் மடிப்பில் ஊக்கு குத்தியிருக்கிறேன்.
சேலை உரசிக் கரகரக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
எழுதும்போது பேசுவதில்லை என்று முடிவு.
பாதி நாள் மறந்துவிடுகிறது.
மறந்தால் முதல் பெஞ்சில்
ஒரு ஸ்கேல் பலகையைத் தட்டும்.
எவ்வளவு பலமாகத் தட்டுகிறோம் என்று
தட்டுகிறவளுக்குத் தெரியாது.
கூரையில் மழை, வளைவில் லாரி,
பாதிச் சொல்லில் நான்
திரும்புகிறேன்.