ஒரு விரலுக்குள் அடங்கியது

காகித ஆலை இரண்டு விரல்களுக்குப்
பத்தொன்பதாயிரம் டாலர் கொடுத்தது.
பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கெழுதுபவள் நான்;
வகுத்துப் பார்த்தேன்.
ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் ஒரே விலை.
வலது கையென்றால் கூடுதலாம்.
"மோதிரவிரல் தப்பியதே, அதிர்ஷ்டம்" என்றார் வக்கீல்.
யாருடைய அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை.

"பின்பால் இயந்திரம் வாங்கப்போகிறேன்" என்றான் ஆர்வோ.
அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.
முப்பத்தோரு வருஷத்தில்
இந்த மனிதன் தனக்கென்று வாங்கியது
பனி வாரும் இயந்திரம் ஒன்று.
அதுவும் பாதி நாள் எதிர்வீட்டு வாசலுக்குத்தான் உழைத்தது.

பிப்ரவரி. டுலூத்திலிருந்து பாலம் தாண்டிப் போனோம்.
கீழே ஏரி இறுகிக் கிடந்தது,
மேலே யாரோ மீன் பிடிக்கக் குடிசை போட்டிருந்தார்கள்.
லொரெய்ன் பிசெக்கின் கராஜில்
வார்னிஷ் நெடி, ரேடியோவில் ஹாக்கி,
சுவரோரம் கால் கழற்றிய பெட்டிகள்.
நடுவில் நின்றது 'வடதுருவ ராணி',
எழுபத்தெட்டில் செய்தது.
நெற்றிக் கண்ணாடியில் கிரீடம் வைத்த பெண்,
இரு பக்கமும் பனிக்கரடி,
அந்தக் குளிருக்குப் போதவே போதாத உடுப்பு.

லொரெய்ன் பட்டியலை நீட்டினாள்.
வாசித்தேன், வாசிப்பதுதானே என் பிழைப்பு:
கம்பிச் சுருள் பதினான்கு, புதிது.
ரப்பர் வளையம் அத்தனையும்.
ஆடுதளம் தேய்த்து, ஒட்டி, ஏழு பூச்சு.
பந்து உருண்டு உருண்டு அழிந்த கரடி மூக்கு,
மறுபடி வரைய நான்கு மணி நேரம்.

ஏழாயிரத்து எண்ணூறு. பேரம் கிடையாது.
மனசுக்குள் கழித்தேன்.
ஒரு விரலுக்குள் அடங்கிவிட்டது,
நகமும் ஒரு கணுவும் மிச்சம்.

"ஆடிப் பாருங்கள்" என்றாள்.
வலது கையால் இழுத்துவிட்டான்.
பந்து ஏறியது; மணிகள்,
விளக்குகள், கரடிக்குக் கண் சிவந்தது.
வலப்பக்கம் வந்ததையெல்லாம் திருப்பி அடித்தான்.
இடப்பக்கம் வந்தபோது
மோதிரவிரல் பொத்தானைத் தேடியது.
மோதிரம் மரத்தில் மோதி, டக்.
ஒரு இமைப்பொழுது தாமதம்.
பந்து போய்விட்டது.
இரண்டாவதும் அதே வழி. டக்.

லொரெய்ன் அந்தக் கையைப் பார்க்காததுபோல் பார்த்தாள்.
"பொத்தானைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.
காசு வேண்டாம்."
அவன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது.

மூன்றாவது பந்து இடப்பக்கமாகச் சரிய
பெட்டியை இடுப்பால் ஓங்கி ஒரு இடி இடித்தான்.
டில்ட்.
எல்லா விளக்கும் அணைந்தது.
ராணி இருண்டாள்.
ரேடியோவில் மட்டும் யாரோ கோல் போட்டார்கள்.

அக்டோபரிலிருந்து இவன்
ஒரு கதவை அறைந்து சாத்தியதில்லை.
கட்டு பிரித்த நர்ஸுக்கு நன்றி சொன்னான்,
ஆலை மேலாளருக்கு நன்றி சொன்னான்,
ரொட்டியில் நான் வெண்ணெய் தடவிக் கொடுத்ததற்கு,
தினமும், நன்றி.

"டில்ட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது" என்றாள் லொரெய்ன்.
"உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது.
இவ்வளவு அசைவு வரைக்கும் பொறுக்கும்."
நான் காசோலைப் புத்தகத்தைத் திறந்தேன்.
"அதை," என்றேன், "கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள்.
இன்னும் நிறையப் பொறுக்கும்படி."

இப்போது அது எங்கள் நிலவறையில்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.
இரவில் மேலே நான் ரசீதுகளை அடுக்க
கீழிருந்து டக், டக், ஒரு கெட்ட வார்த்தை, மணி,
பிறகு தரை அதிர ஒரு இடி.
இடது பொத்தானருகே புதுப் பெயின்ட் பெயர்ந்து
மரம் தெரிகிறது, கொட்டைப்பாக்கு அளவுக்கு.
எந்தக் கணக்கிலும் அதை நான் ஏற்றவில்லை.

நேற்று மாடிப்படிக்குக் கீழிருந்து கத்தினான்,
"கடைசிப் பந்து உனக்கு, வா!"
ஈரக் கையோடு இறங்கினேன்.
பத்து விரல் இருந்தும்
பதினோரு நொடி தாங்கவில்லை.
சிரித்தான், கரடி மூக்கில் கையை ஊன்றிக்கொண்டு.