மண்ணுக்கே கத்துகிற மெசின்

முல்லைத்தீவு ஆஸ்பத்திரி, வியாழன் கிளினிக்.
கொப்பியில் என் பெயர் மேரி அனிஸ்ரலா,
வயது நாற்பத்துநாலு, நம்பர் நூற்றுப்பதினேழு.
எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் சொன்னார்:
தேய்வு இருக்கு அக்கா. வீக்கமும் இருக்கு.
ஆனா இவ்வளவு நோகிறதுக்கு இது காணாது.
நோவை முழங்கால் செய்யிறதில்லை,
மூளைதான் செய்யிறது.

எழும்பிவிட்டேன்.
பிழை மண்டைக்குள் என்று
எனக்குச் சொன்ன முதல் ஆள் அவரில்லை.
அதை இன்னொருக்கால் கேட்கவா
இருநூறு ரூபா பஸ்ஸுக்குக் குடுத்து வந்தேன்?

இருங்கோ, என்றார்.
பொய் எண்டு சொல்லேல்லை. என்ன வேலை உங்களுக்கு?

கண்ணிவெடி எடுக்கிற வேலை, ஒட்டுசுட்டானுக்கு அங்கால்.
பதின்மூன்று வருசம்.
ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்டியிட்டு,
முகக்கவசத்துக்குள்
விட்ட மூச்சையே திரும்பக் குடித்துக்கொண்டு.

கொப்பியின் பின்மட்டையில் கீறினார்.
முழங்காலில் இருந்து முள்ளந்தண்டு வழியே
தலைக்கு ஏறும் ஒரு கோடு.
பிறகு தலையில் இருந்து கீழே இன்னொன்று.
ஏறுறது எல்லாருக்கும் தெரியும்.
இறங்கி வாறதும் இருக்கு,
‘கதவைச் சாத்து, இப்ப வேண்டாம்’ எண்டு சொல்ல.

அது எனக்குத் தெரியும்.
ஓகஸ்ட் வெய்யிலில் வினோதாம்பிகை மயங்கி விழ
ஸ்ரெச்சரின் ஒரு முனை என் கையில்.
நாநூறு மீற்றர், மணலும் வேரும்.
முழங்கால் வாயே திறக்கவில்லை.
பின்னேரம் வீட்டுப்படியில் வைத்து
வட்டியோடு வாங்கியது.

மற்ற நாட்களில் அந்தக் கதவு
சாத்துப்படாமல் ஆடிக்கொண்டே கிடக்கிறது.
நித்திரை இல்லாத இரவுக்குத் திறக்கும்.
செவ்வாய்க்கிழமை லோன்காரனின்
மோட்டார்சைக்கிள் ஒழுங்கையில் திரும்பும் முன்பே
முழங்கால் உளையத் தொடங்கும்.

நான் அவருக்குச் சொன்னேன்:
இங்க சில மண் இரும்புக்கல் மண், டொக்டர்.
மெசினைக் கூட்டி வைச்சால்
வெறும் நிலத்துக்கே கத்தும்.
குறைச்சு வைச்சால்
ஆழத்தில் கிடக்கிறதை விட்டிடும்.

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது.
அதேதான், என்றார்.
வருசக்கணக்கா வீக்கத்தைக் கேட்டுக் கேட்டு
உங்கட மெசின் தன்னைத்தானே கூட்டி வைச்சிட்டுது.

ஆனால் எங்கள் சட்டம் வேறு.
சத்தம் வந்தால் கிண்ட வேண்டும்.
சோடா மூடிக்கும், செருப்பு வாரின் கொளுக்கிக்கும்
ஒரே பயம், ஒரே மெதுவு.
எந்தச் சத்தத்தையும் நம்பாமல் விட்டவள்
இரண்டு கைகளோடு வீட்டுக்குப் போனதில்லை.
இப்படிப் பழகின மூளைக்கு
இது வெறும் மண் என்று
யார் போய்ச் சொல்லுறது?

அதற்கு அவரிடம் மருந்து இருக்கவில்லை.
வீக்கத்துக்குக் குளிசை தந்தார்.
நடவுங்கோ, என்றார், பத்து நிமிசம்.
அடுத்த கிழமை பன்னிரண்டு.
நடந்தும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு
அது தானாக் கண்டுகொள்ளோணும்.

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நடக்கிறேன்.
ஒவ்வொரு எட்டுக்கும் கத்துகிறது.
நின்று, காது குடுத்து,
ஆணியா மண்ணா என்று கேட்டு,
பதில் தெரியாமலே அடுத்த எட்டு வைக்கிறேன்.
நேற்றுப் பதினாலு நிமிசம்.
முந்தநாள் ஏழு, மழைக்குணம்.

காலையில் வேலை தொடங்க முன்பு
தெரிந்த இரும்பின் மேல் மெசினைப் பிடித்துப் பார்ப்போம்.
கத்தாத மெசினை
ஒருவரும் வெளிக்குக் கொண்டுபோவதில்லை.
வானில் ஏறுகிறபோது
நானும் காலை ஒருக்கால் மடித்துப் பார்க்கிறேன்.

கத்தியது.
சரி. போகலாம்.