ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே

சீர்காழிக்குக் கிழக்கே
ஒரு புங்கமரமும் இரண்டு மின்மாற்றிகளும்
நிற்கிற துணைமின் நிலையத்தில்
மதியம் இரண்டு மணிக்கு என் ஷிப்ட்.

இந்நேரம் கமுதிப் பக்கம் கொட்டுகிற வெயில்
கம்பி வழியே வந்து
யார் வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் நிற்கும்.
அதனால்தான் பம்புசெட்டுக்கு மும்முனை
இப்போதெல்லாம் பகலில்.

வைரக்கண்ணு போன் செய்கிறார்:
"ராத்திரி குடுத்தா என்னம்மா?
நாப்பது வருஷமா ராத்திரிலதான் பாய்ச்சினேன்.
பாம்பப் பாத்திருக்கேன், பன்னியப் பாத்திருக்கேன்,
இந்த வெயிலப் பாத்ததில்ல."
சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன்.
பாய்ச்சுகிற தண்ணீரை வெயில் குடிக்கிறது என்கிறார்.
அதுவும் பொய்யில்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கொள்ளிடத்தில் வந்ததை
ஷட்டரை ஒரு சாண் இறக்கி
நாளைக்கு என்று வைக்கலாம்.
மின்சாரத்துக்கு நாளை கிடையாது.
பிறந்த நொடியில் யாராவது உண்டாக வேண்டும்.
சோறு மிஞ்சினால் முள் ஐம்பதைத் தாண்டும்,
பந்தியில் இலை கூடினால்
கீழே இறங்கும்.
நாள் முழுக்க அந்த முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன்,
பரிமாறுகிறவள் சமையற்கட்டைப் பார்ப்பதுபோல.

ஐந்தரைக்கு வெயில் எழுந்துகொள்ளும்,
சொல்லிக்கொள்ளாமல்.
ஆறு நாற்பதுக்குள் எல்லா வீட்டிலும்
விளக்கு, மிக்சி, சீரியல்.
காற்று இருந்தால் பிழைத்தோம்.
ஆனி ஆடியில் காற்றாடி பார்த்துக்கொள்ளும் என்பார்கள்,
காற்று யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.
இன்று தென்காசிப் பக்கம்
இலை அசையவில்லையாம்.

மிச்சம் நிலக்கரி.
நினைத்தவுடன் எழுப்ப முடியாது அதை.
மத்தியானம் முழுக்க அணையாமலும் எரியாமலும்
சிறுதீயில் புகைந்தபடி
மாலைக்குக் காத்திருக்கும்.
சூரியத் தகடுகளின் படத்தைக் காலண்டரில் போட்டார்கள்.
பின்னால் புகைகிற அந்த அடுப்பைப் போடவில்லை.

ஆறு முப்பத்தொன்று.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்.
"நாற்பத்தொன்பது புள்ளி ஏழு எட்டு.
ஒன்றரை மெகாவாட் குறைங்க. உடனே."

என் முன்னால் நான்கு ஸ்விட்ச்.
டவுன் பீடரில் ஆஸ்பத்திரி, தொட மாட்டேன்.
பம்புசெட் ஏற்கனவே முடிந்தது.
மூன்றாவது, கடைமடை ஊர்கள்.
அதன் பிடி மட்டும்
தேய்ந்து பளபளக்கிறது.
எனக்கு முன்னால் இருந்தவர்கள் கை,
பிறகு என் கை.
தண்ணீர் கடைசியாக வருகிற ஊருக்கு
கரண்ட் முதலில் போகும்.

நான்காவது, பழையாறு.
ஏழு ஐஸ் கம்பெனிகள்.

சிங்காரவேலுவைக் கூப்பிடுகிறேன்.
"கம்ப்ரஸர நிறுத்தினா எவ்வளவு நேரம் தாங்கும்?"
அந்தப் பக்கம் மோட்டார் இரைச்சல் மட்டும்.
பிறகு,
"மத்தியானமே நல்லா ஒறஞ்சிடுச்சு.
உமி போட்டு மூடிருக்கு.
ரெண்டு மணி நேரம் தாங்கும்.
போட்டு கெளம்புறது நாலு மணிக்குத்தான்."
மறுபடி இரைச்சல்.
"பில்லுல ஏதாச்சும் கழிப்பீங்களா?"
"கேட்டுச் சொல்றேன்."
கேட்டாலும் பதில் வராதென்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
"சரி, மத்த ஆறு பேருக்கும் நான் சொல்லிக்கிறேன்."

போனை வைக்காமலே நிறுத்தினார்.
இரைச்சல் அடங்குவது கேட்டது.
ஒரு நாய், அலை,
யாரோ வலையை இழுக்கிற சத்தம்.

கமுதியில் அடித்த வெயில்
பழையாற்றில் உமிக்கடியில்
வெள்ளையாய்ப் படுத்திருக்கிறது.
விடிவதற்குள் கடலுக்குப் போகும்,
வஞ்சிரம் கிடைத்தால்
அதன் செவுளுக்கடியில் உருகும்.

முள் மெல்ல ஏறியது.
எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று.
ஐம்பதைத் தொடவில்லை.

'18.36. பழையாறு பீடர். தாமாக நிறுத்தம்' என்று எழுதினேன்.
தாமாக என்பதற்குக் குறியீடு எண் கேட்டது கணினி.
எதுவும் இல்லாததால் 'இதர' என்று போட்டேன்.

ஏழு பத்துக்கு மறுபடி வைரக்கண்ணு.
"என்னம்மா, இன்னிக்கு
கரண்டே போகலியே,
எதாவது ரிப்பேரா?"